இடையில எழும்ப வேண்டி வந்தால்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தால் அவர் சோற்றுப் பார்சலைத் திறந்தபடி விட்டுவிட்டு எழும்பமாட்டார். லன்ச் ஷீட்டின் நான்கு பக்கத்தையும் மடித்து, மேலே பத்திரிகைத் தாளைச் சுற்றி, ரப்பர் பட்டி போட்ட பிறகுதான் போனை எடுப்பார். பெரும்பாலும் அதற்குள் அது நின்றுபோயிருக்கும். திரும்பி வந்து ரப்பர் பட்டியைக் கழற்றுவார்.

"அதுக்குள்ள கட் ஆகிடுதே" என்று ஒருமுறை சொன்னேன்.

"தேவையெண்டால் திரும்ப எடுப்பினம்" என்றார். "இடையில எழும்ப வேண்டி வந்தால் எழும்பத்தானே வேணும். ஆனால் திரும்பி வந்து இருக்கக்கூடிய மாதிரி எழும்ப வேணும்."

கண்டியில், பேராதனை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு குறுக்குத் தெருவில், பழைய வீடொன்றின் மேல்மாடியில் எங்கள் ஆய்வு அலுவலகம் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்துப் பெண். பேராதனைக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் கண்டியிலேயே தங்கிவிட்டவர். நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டு அறையில் போர்டிங் இருந்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வந்த முதல் வாரமே என்னை "நீர்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சாமியிடம்தான் சொல்வார்கள். "நீர் தேத்தண்ணி குடிச்சீரே?" என்று அவர் முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று சொன்னதும் அவரும் சிரித்தார். ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. நான் கடைசிவரை "நீங்க"தான்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேவாஹெட்ட, மடுல்கெல்ல, பன்வில என்று கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்கள் சிலவற்றில் எந்தப் பெண் எந்த நாள் எந்த மலையில் எவ்வளவு கொழுந்து எடுத்தாள் என்ற பதிவுகள் எங்கள் கணினிக்கு வந்திருந்தன. பல வருடப் பதிவுகள். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். அவற்றில் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிஷன் பெண்கள் மட்டும் எப்போதும் குறைவாகவே எடுத்தார்கள். அது ஏன் என்பதுதான் கேள்வி. தோட்டத்து நிர்வாகத்திடம் அதற்கு ஒரு விடை முன்பே இருந்தது. அவர்கள் சோம்பேறிகள். சொன்ன கிலோ வராத நாளில் அந்தப் பெண்களுக்கு அரைப்பேர்தான் விழும். முழு நாளும் மலையில் நின்றிருப்பாள், பாதி நாள் சம்பளம்தான் கிடைக்கும்.

என் அம்மா அந்தக் கீழ் டிவிஷனில்தான் கொழுந்து எடுத்தார். வேலையில் இருந்து நின்று சில வருடமாகிறது. அந்தப் பதிவுகளில் ஏதோ ஓர் எண் அம்மாவாக இருக்கும். எது என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் இல்லை. அலுவலகத்தில் அவரிடம் மட்டும் சொன்னேன். "அப்ப கவனமாச் செய்வம்" என்றார்.

ஒவ்வொரு பெண்ணிடமும் நாளுக்கு நாள் மாறாத ஒன்று இருக்கிறது. கை வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மலையிடமும் மாறாத ஒன்று இருக்கிறது. மண், சரிவு, செடியின் வயது. இந்த இரண்டையும் நிலைத்த விளைவுகள் என்பார்கள். ஒன்றையொன்று பிரித்துப் பார்த்தால் குறை கையினுடையதா மலையினுடையதா என்று தெரிந்துவிடும். கொழுந்து மிஞ்சுகிற காலத்தில் கீழ் டிவிஷன்காரர்களை மேலே அனுப்புவார்கள், மேலே உள்ளவர்கள் சில நாள் கீழே வருவார்கள். அந்தப் போக்குவரத்து இருந்தபடியால்தான் பிரிக்க முடிந்தது.

பிரிப்பதற்குப் பெரிய தாயங்கள் தேவைப்பட்டன. பள்ளிக்கூடக் கணிதத்தில் எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கிப் படித்த அதே தாயம்தான், மேட்ரிக்ஸ் என்பார்களே அதுதான், ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கும் நூற்றுக்கணக்கான மலைகளுக்கும். எங்கள் பழைய கணினிக்கு அவற்றைக் கட்டி முடிக்க அரை நாள் பிடித்தது. எங்கள் பொறுப்பாளரான சேர் தினமும் ஒன்று கேட்பார். மழையைச் சேர்த்துப் பாருங்கள், வயதைச் சேர்த்துப் பாருங்கள் என்பார். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் காத்திருக்க முடியாது. அந்த யாழ்ப்பாணத்துக்காரர்தான் தாயங்களை ஒருமுறை கட்டிச் சேமித்து வைத்தார். ஆட்களும் மலைகளும் மாறாதவரை தாயமும் மாறாது. சேமித்ததை ஏற்றிக்கொண்டு மிச்சத்தை மட்டும் செய்தால், ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் விடை வந்துவிடும்.

அதுதான் அவருடைய குணமும். எதையும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய மாதிரியே செய்வார். அவர் எழுதிய கணினி நிரல்களின் கடைசி வரி எப்போதும் "இதுவரை சரி" என்று இருக்கும். தியேட்டரில் படம் பார்க்க வரமாட்டார், நடுவில் நிறுத்த முடியாது என்பார். உடுப்பை ஊற வைக்கமாட்டார், எடுத்த கையோடு தோய்த்துக் காயப்போட்டுவிடுவார். அவருடைய அறையில் ஒரு பூச்செடிகூட இல்லை. ரோசாக் கன்று ஒன்று வாங்கிப் போனபோது வாசலிலேயே நிறுத்தி, "இது வேண்டாம், கோவிக்காதையும். தண்ணி ஊத்த ஆள் இல்லாமல் போனால் செத்துப்போகும்" என்றார். நான் அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் போர்டிங் படியில் வைத்துக்கொண்டேன்.

"கல்யாணமும் அதுக்குத்தான் கட்டலையா?" என்று கேட்டேன்.

"அதைச் சேமிச்சு வைச்சுப்போட்டு எழும்ப ஏலுமே?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அன்று வீடு திரும்பும்போது எனக்கு மனசு ஒரு மாதிரியாக இருந்தது. இந்த மனுஷி எங்கேயோ புறப்பட்டுக்கொண்டே இருக்கிறார் என்று தோன்றியது. நம் பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே புறப்பட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் எவ்வளவு தூரம் ஒட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தெரியாமலேயே ஒட்டிக்கொண்டேன்.

நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலத்தில் அவருடைய குணம் எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்துப் போட்டு, எந்த எழுத்துக்கு எப்போது கரண்ட் போகும் என்று அறிவிப்பார்கள். டீசல் இல்லாததால் ஜெனரேட்டர் மூலையில் கிடந்தது. மற்றவர்கள் கரண்ட் போனால் தலையில் கை வைத்தபோது அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துச் சேமித்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, ஜன்னலருகே போய் நிற்பார். கரண்ட் வந்ததும் ஏற்றிக்கொண்டு தொடருவார்.

அறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஒரு சிக்கல் வந்தது. தற்காலிகமாக வந்து போன பெண்களை நீக்கச் சொல்லி சேர் ஒரு புதிய கோப்பை அனுப்பியிருந்தார். அதைத் திறந்து, பழைய தாயங்களை ஏற்றி ஓட்டினோம். மென்பொருள் பிழை ஒன்றும் காட்டவில்லை. விடையைத் தந்தது. கீழ் டிவிஷன் பெண்களின் கை உண்மையிலேயே மெதுவானது என்று வந்தது. சேர் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அறிக்கையை அச்சடிக்கச் சொன்னார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகம் வந்து வந்து போனது.

அவர் அச்சடிக்கவில்லை. திரையில் ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"இதைப் பாரும். ஆக்கள் குறைஞ்சிருக்கினம். தாயம் குறையேல்லை."

"அப்படின்னா?"

"இது பழைய ஆக்களின்ர தாயம். இடையில ஆக்களை எடுத்தவுடனே வரிசை மாறிப்போச்சு. ஒருத்தியின்ர கணக்கு இன்னொருத்தியின்ர தலையில ஏறியிருக்கு."

சேரிடம் போய்ச் சொன்னார். சேருக்குக் கோபம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது. சில பேர்தானே நீக்கப்பட்டார்கள், வித்தியாசம் சின்னதாகத்தான் இருக்கும், கரண்டும் போகப் போகிறது, நாளைக்குக் காலையில் தோட்டத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்றார். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "சேர், இதில என்ர பேரைப் போட வேண்டாம்" என்றார். சிங்களத்தில்தான் சொன்னார், தணிந்த குரலில். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செய்து முடிக்க முடிந்தால் செய்யுங்கள் என்றார்.

அலுவலகத்தின் எழுத்துக்கு மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. கட்டுகஸ்தோட்டையின் எழுத்து வேறு. ஆகவே கணினிப் பெட்டியையே என் போர்டிங்குக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தோம். முச்சக்கர வண்டிகள் எல்லாம் பெட்ரோல் வரிசையில் நின்றன. ஒரு படுக்கை விரிப்பில் பெட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். உட்கார ஓர் இடம்தான் கிடைத்தது. அவர் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டார், நான் திரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கொண்டக்டர் வந்து அது என்ன என்று கேட்டான்.

"சுகமில்லாத ஆள்" என்றார் சிங்களத்தில். "மெதுவாப் போகச் சொல்லுங்கோ."

கொண்டக்டர் மூட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டிரைவருக்கு உண்மையாகவே அதைச் சொன்னான். பஸ் மெதுவாகப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

என் அறையில் தாயத்தைப் புதிதாகக் கட்டத் தொடங்கினோம். அங்கேயும் பொழுதுபட்டதும் கரண்ட் போகும் என்பதால், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் சேமித்துக்கொண்டே வந்தார். கடைசிக்கு முந்தின துண்டைச் சேமித்து, பெட்டியை அணைத்த சற்று நேரத்தில் மின்விசிறி நின்றது. நான் மெழுகுதிரி கொளுத்தினேன். அந்த இடைவெளியில்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"சின்னனில, சண்டை நேரம், நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டது மத்தியானம். எல்லாரும் உடனே போகவேணும் எண்டிட்டினம். அம்மா பூசணிக்காய் வெட்டிக்கொண்டு இருந்தவ. பாதி வெட்டினபடி, கத்தி அதிலயே குத்தினபடி விட்டிட்டு வந்திட்டம். பிறகு எத்தனையோ இடம். வருசக்கணக்கு. திரும்பிப் போனபோது கூரை இல்லை, கதவு இல்லை. அதுக்கெல்லாம் அம்மா அழேல்லை. குசினிக்குள்ள போய் நிண்டு, 'நான் என்ன செய்துகொண்டு இருந்தனான்' எண்டு கேட்டா. திரும்பத் திரும்ப அதையே கேட்டா."

"அம்மா இப்ப?"

"அதுக்குப் பிறகு அவ ஒண்டையும் தொடங்கேல்லை. சமையலும் நான்தான். செத்துப்போகுமட்டும் கதிரையில இருந்து பாத்துக்கொண்டு இருந்தவ."

மெழுகுதிரி ஒரு பக்கமாக உருகிக்கொண்டிருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்தேன். எடுக்கவில்லை. கரண்ட் வரும்வரை அப்படியே இருந்தோம். வந்ததும் அவர்தான் எழும்பிப்போய்ப் பெட்டியைப் போட்டார். சேமித்த துண்டுகளை ஏற்றி, மிச்சத்தை முடித்தார். வீட்டுக்காரம்மா இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது விடை திரையில் இருந்தது. கீழ் டிவிஷன் பெண்களின் கைகளுக்கும் மற்றவர்களின் கைகளுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. குறை மலையில் இருந்தது. கிழட்டுச் செடிகள். அங்கே யாரை நிறுத்தினாலும் அவ்வளவுதான் வரும்.

மறுநாள் கூட்டத்தில் தோட்டத்துக்காரர்கள் நிறையக் கேள்வி கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. சில மாதம் கழித்து, அந்த மலைகளுக்கு மட்டும் எடுக்க வேண்டிய கிலோவைக் குறைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று அவராகவே கேட்டார். பன்வில பஸ்ஸில் போனோம். அம்மா பிளேன்டியும் ரொட்டியும் வைத்தார். அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, உங்கட கையில பிழை ஒண்டும் இல்லை. மலையிலதான் பிழை."

அம்மாவுக்கு அவருடைய தமிழ் பாதிதான் விளங்கியது. என்னைப் பார்த்தார்.

"ஒங்க கை மெதுவில்லைம்மா. அந்த மலையில யாரு எடுத்தாலும் அவ்வளவுதான் வருமாம். கணக்குப் போட்டுப் பாத்துட்டோம்."

அம்மா ரொட்டியைப் பிய்த்து இரண்டு தட்டிலும் வைத்துக்கொண்டிருந்தார். வைத்து முடித்தார். பிறகு, "அப்ப பத்து மணித் தேத்தண்ணிய நானும் ஒரு நாளு ஒக்காந்து குடிச்சிருக்கலாம்" என்றார்.

எனக்கு அது அன்றுவரை தெரியாது. மற்றவர்கள் தேநீருக்கு உட்காரும்போது அம்மா நின்றபடி ஒரு வாய் ஊற்றிக்கொண்டு நிரைக்குத் திரும்பிவிடுவாராம். கை மெதுவானவள், விட்டதைப் பிடிக்க வேண்டுமே என்று.

"இப்ப இருந்து குடியுங்கோ" என்றார் அவர். "நானும் இருக்கிறன்."

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். கீழே ரோட்டில் நாங்கள் பிடிக்க வேண்டிய பஸ் ஹோர்ன் அடித்தது. அவருடைய கைப்பையில் போனும் அடித்தது. எழும்பவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மா சொல்லும் ஏதோவொரு கதையைப் பாதி விளங்கியும் விளங்காமலும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ரோட்டில் நின்றோம்.

அந்த வருடம் எங்களுக்குத் தெரிந்த பாதிப் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். நோர்வேயில் இருந்த அவருடைய தங்கை பல காலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு நாள் மத்தியானம், பார்சலைச் சுற்றி ரப்பர் பட்டி போட்டுவிட்டு, சொன்னார். நான் "நல்லதுங்க" என்றேன்.

போவதற்கு முன் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணினார். எந்தத் தாயம் எந்தக் கோப்புக்கு உரியது, எந்த ஆட்கள் மாறினால் எதைத் திரும்பக் கட்ட வேண்டும், எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தார். தாயத்தில் உள்ள ஆட்களின் எண்ணிக்கை கோப்போடு பொருந்தாவிட்டால் நிரல் தானாக நின்றுவிடும்படி செய்தார். அறை வாடகை, நூலகப் புத்தகம், அடுத்த வீட்டாருடைய ஏணி, ஒன்றும் பாக்கி இல்லை. விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏறும்போது என் தோளைத் தட்டி, "ஒண்டும் குறை வைக்கேல்லை. நீர் கஷ்டப்பட மாட்டீர்" என்றார்.

கஷ்டப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. புதிதாக வந்த பிள்ளைகள்கூட முதல் நாளே தாயங்களை ஏற்றி, மிச்சத்தை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். யாரும் அவருக்கு ஒரு செய்திகூட அனுப்ப வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் போகும்போது எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு குடை, ஒரு சந்தேகம், முடிக்காத ஒரு வேலை. அதைச் சாட்டாக வைத்துக் கூப்பிடலாம். அவர் அப்படி ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. சும்மா கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாம்தான். கேட்டேன். "நல்லா இருக்கிறன்" என்றார். குளிர் என்றார். "நீர்?" என்றார். நானும் நல்லா இருக்கிறேன் என்றேன். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அப்புறம் பல மாதம் நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம், மழை பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். அவருடைய நிரலைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை மெல்ல வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. போனை எடுத்தேன். அங்கே மத்தியானமாக இருக்க வேண்டும். உடனே எடுத்தார்.

"ஒரு சந்தேகங்க" என்றேன். "அந்தத் தாயத்த லோட் பண்ணினா, ஆட்கள் சரியா வரலை."

"எந்தத் தாயம்?"

ஏதோவொன்றின் பெயரைச் சொன்னேன்.

"கோப்பு மாத்தினனீரே?"

"இல்லைங்க."

"அப்ப நிரல் நிண்டிருக்குமே. நிக்கேல்லையோ?"

"நிக்கலை."

நிற்காமல் இருக்க வழியே இல்லை என்பது, அதை எழுதிய அவருக்குத் தெரியாதா? எனக்கு முகம் சுட்டது. வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"சரி" என்றார். "முதல்ல இருந்து பாப்பம். முதல் வரியை வாசியும்."

வாசித்தேன். அது என்ன செய்கிறது என்று விளக்கினார். இரண்டாவது வரியை வாசிக்கச் சொன்னார், அதையும் விளக்கினார். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒவ்வொன்றையும், எழுதி வைத்ததை ஒருநாளும் திரும்பச் சொல்லாத அந்த மனுஷி, நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். நடுநடுவே வேறு கதைகளும் வந்தன. தங்கையின் மகன் நோர்வீஜியன் மொழியிலேயே கனவு காண்கிறானாம். என் அம்மாவைப் பற்றிக் கேட்டார். பேராதனை வீதியில் வழக்கமான இடத்தில் வெள்ளம் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்றேன். ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டி மழைச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். நிரலில் பாதிகூட வரவில்லை, அவருக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

"நிப்பாட்டுறன்" என்றார். வைக்கவில்லை. "நாளைக்கும் இந்தப் பிழை வருமோ?"

"வரும்ங்க" என்றேன்.

அவருடைய வேலையில் பிழை கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மழையில் நனைந்து, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே, அடுத்ததை யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.